குடியானவர் மனப்பான்மையை அளக்கும் முறைகள்

விளைந்த நெல்லை அளப்பதற்கு மரக்காலும் தராசும் உண்டு. பெய்த மழையை அளப்பதற்கு மழைமானி உண்டு. ஆனால், விவசாய இலாகா சிபாரிசு செய்யும் ஒரு புதிய விதையையோ நடவு முறையையோ குடியானவர்கள் எவ்வளவு தூரம் விரும்புகின்றனர் என்பதை எக்கருவி கொண்டு அளப்பது? “மிகவும் விரும்புகின்றனர்” என்று கிராமத்துக்குச் சென்று வந்த ஊழியர் எழுதிவிடலாம். அதனை நம்பி விதை தருவிக்கப்பட்டு, பருவம் கடந்த பின்னும் அது கிடங்கிலேயே தங்கி முளைப்புத் திறனை இழக்குமாயின், அந்நஷ்டம் யாரைச் சாரும்? அன்றியும், குடியானவர் தயங்கியதற்குத் தக்க காரணம் இருந்திருப்பின், அக்காரணம் அறிக்கையில் ஏறாமலே போய்விட்டது என்பதுதான் பெரிய நஷ்டம்.

மனப்பான்மையை அளக்கும் முறைகள் பெரும்பாலும் 1920-க்கும் 1950-க்கும் இடையில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் உருவானவை. அவற்றுள் இன்று உலகெங்கும் வழங்கும் ஐந்து படி முறையை வகுத்தவர், பின்னர் அந்நாட்டு விவசாய இலாகாவிலேயே சில ஆண்டுகள் பணிபுரிந்தவர். நம் நாட்டு விவசாயக் கல்லூரிகளில் விரிவாக்கத் துறை மாணவர்கள் எழுதும் ஆராய்ச்சி நூல்களிலும் இம்முறைகள் பெரிதும் கையாளப்படுகின்றன. ஆகையால், கிராமங்களில் விசாரணைத் தாளை ஏந்திச் செல்வோரும், அத்தாளுக்கு விடை கூறும் குடியானவரும் இவற்றின் தன்மையை அறிந்திருத்தல் பயனுடையது.

எண்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல

மனத்தில் தோன்றும் உணர்ச்சியை அளக்க முடியுமா என்பதைப் பற்றிப் பிரிட்டனில் 1932-ல் அமைந்த விஞ்ஞானிகள் கமிட்டி ஒன்று பல ஆண்டுகள் வாதித்து, 1940-ல் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டபோதும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஹார்வர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் என்பார் 1946-ல் ‘ஸயன்ஸ்’ என்னும் பத்திரிகையில் இவ்வாதத்தை வேறு வழியில் தீர்க்க முயன்றார். அளவு என்பது ஒன்றன்று, நான்கு வகைப்படும், எந்த வகை என்று அறிந்துகொண்டால் அவ்வெண்களைக் கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்பது தானே விளங்கும் என்பது அவர் கொள்கை.

இந்நான்கையும் விளக்குவதற்குக் கிராமக் கணக்கை விட்டு வெளியே செல்ல வேண்டுவதில்லை. ஒரு நிலத்தின் சர்வே நம்பர் 107, மற்றொன்றின் நம்பர் 214 என்றால், பின்னது முன்னதைவிட இரு மடங்கு என்று யாரும் சொல்லார். அவ்வெண் வெறும் பெயர்; ஒரு நிலத்தை மற்றொன்றினின்று பிரித்தறிய உதவுவது அவ்வளவே. இது முதல் வகை. ரயத்துவாரி செட்டில்மெண்டில் மண்ணின் வகையையும் பாசனத்தையும் கருதி நிலங்களைத் தரம் தரமாகப் பிரித்தனர். முதல் தரம் இரண்டாம் தரத்தைவிட மேலானது, இரண்டாவது மூன்றாவதைவிட மேலானது என்பது இதனால் தெரியும். எவ்வளவு மேலானது என்பது தெரியாது. முதலுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரம் இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள தூரத்துக்குச் சமம் என்பதும் இல்லை. அதை அறிய வேண்டுமாயின் தீர்வை விகிதத்தைத் தனியே பார்க்க வேண்டும். இது இரண்டாம் வகை. தெர்மாமீட்டரில் 20 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் உள்ள இடைவெளி, 35-க்கும் 40-க்கும் உள்ள இடைவெளியை ஒத்தது; எனினும் 40 டிகிரி 20 டிகிரியைப்போல் இரு மடங்கு உஷ்ணம் என்று கூறுதல் தவறு. ஏனெனில் அங்கே பூஜ்யம் என்பது ‘உஷ்ணமே இல்லை’ என்ற பொருள் உடையதன்று. இது மூன்றாம் வகை. ஏக்கரும் கிலோவும் நான்காம் வகை. இவற்றில் பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்பதே பொருள். நாலு ஏக்கர் இரண்டு ஏக்கரைப்போல் இரு மடங்கு என்பதில் ஐயமில்லை.

மனப்பான்மையை அளந்து பெறும் எண்கள் இவற்றுள் எவ்வகையைச் சேர்ந்தவை? பெரும்பாலும் இரண்டாவதையே சேர்ந்தவை. அதாவது அவை நிலத்தின் தரத்தைப் போன்றவை. நெல்லின் எடையைப் போன்றவை அல்ல. இவ்வொரு செய்தியை மறந்துவிடுவதால் விளையும் பிழைகள் பல.

தர்ஸ்டன் வகுத்த முறை

சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த லூயி தர்ஸ்டன் முதலில் மின்சார எஞ்சினீயரிங் கற்றவர். சில காலம் எடிசனிடம் உதவியாளராக இருந்தவர். மனப்பான்மையை அளக்க இயலும் என்னும் கட்டுரையை அவர் 1928-ல் வெளியிட்டார். மறு ஆண்டு, கிறிஸ்தவ சபையைப் பற்றி மக்கள் கொண்டுள்ள மனப்பான்மையை அளப்பதற்கு அவரும் சேவ் என்பவரும் ஒரு கோலைச் செய்து முடித்தனர். 130 கூற்றுக்களைத் தனித்தனிச் சீட்டுக்களில் எழுதி, 300 பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கூற்றும் எவ்வளவு சாதகமானது, எவ்வளவு பாதகமானது என்று பார்த்துப் பதினொரு குவியலாகப் பிரிக்கச் சொன்னார்கள். பிரிப்பவர் தம் சொந்த அபிப்பிராயத்தைக் காட்டலாகாது. நெல்லைத் தூற்றிப் பொலியையும் பதரையும் பிரிப்பவன்போல் கூற்றின் தன்மையை மட்டுமே பார்க்க வேண்டும். ஒரு கூற்றைச் சிலர் இரண்டாம் குவியலிலும் சிலர் ஒன்பதாவதிலும் இட்டால், அக்கூற்று தெளிவற்றது என்று தள்ளப்பட்டது. இறுதியில் 45 கூற்றுக்களே எஞ்சின. ஒருவர் தாம் ஒப்புக்கொள்ளும் கூற்றுக்களைக் குறித்துக் கொடுத்தால், அவற்றின் மதிப்புக்களைக் கொண்டு அவர் நிற்கும் இடம் தீர்மானிக்கப்பட்டது.

குவியலுக்கும் குவியலுக்கும் இடையேயுள்ள தூரம் சமமாகத் தோன்றும்படி அமைப்பதே தர்ஸ்டனின் நோக்கம். அதாவது, தெர்மாமீட்டர் வகையை அடைவதே. முறை நேர்த்தியானது, ஆனால் உழைப்பு மிகுதி. முந்நூறு பேரைத் தேடி உட்கார வைத்துச் சீட்டுப் பிரிக்கச் செய்வது ஒரு ஜில்லா அலுவலகத்தால் ஆகும் காரியமன்று.

லிக்கர்ட் வகுத்த முறை

இவ்வுழைப்பைக் குறைக்க வழி கண்டவர் ரென்ஸிஸ் லிக்கர்ட். இப்பெயரைப் பலர் லைக்கர்ட் என்று உச்சரிப்பதுண்டு. அவர் குடும்பத்தில் வழங்கியது லிக்கர்ட் என்பதே. கொலம்பியா சர்வகலாசாலையில் பட்டத்துக்காக அவர் செய்த ஆராய்ச்சி 1932-ல் வெளியாயிற்று. நடுவர் கூட்டம் வேண்டுவதில்லை. விடை கூறுவோரே ஒவ்வொரு கூற்றையும் எவ்வளவு ஒப்புகின்றனர் என்று ஐந்து படிகளில் ஒன்றைக் குறிக்கட்டும் என்றார். முழுதும் ஒப்புகிறேன், ஒப்புகிறேன், தீர்மானிக்கவில்லை, ஒப்பவில்லை, சற்றும் ஒப்பவில்லை என்னும் இவற்றுக்கு முறையே 5, 4, 3, 2, 1 என்று மதிப்பிட்டுக் கூட்டினால் ஒருவரது மனப்பான்மை எண்ணாகக் கிடைக்கும். இவ்வெளிய முறையால் கிடைத்த எண்கள் தர்ஸ்டன் முறையால் கிடைத்தவற்றோடு பெரிதும் ஒத்திருந்தன.

நெல்லில் வரிசை நடவைப் பற்றிய மனப்பான்மையை அறிய ஒருவர் கோல் அமைக்கப் புகுவதாகக் கொள்வோம். “வரிசை நடவால் களையெடுப்பு எளிதாகிறது என்பதற்காகவே அதனை மேற்கொள்ளலாம்” என்பது சாதகமான கூற்று. “வரிசை நடவுக்குக் கொடுக்கும் கூலி அதன் லாபத்தை விழுங்கிவிடுகிறது” என்பது பாதகமான கூற்று. பாதகமான கூற்றுக்கு எண்ணைத் தலைகீழாக இட வேண்டும். அதனை முழுதும் ஒப்புபவருக்கு 1-ம், சற்றும் ஒப்பாதவருக்கு 5-ம் தரப்படும். இரு வகையும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்திருத்தல் அவசியம். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

கூற்றுக்களைத் தேர்ந்தெடுப்பதிலேயே இம்முறையின் நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன. “வரிசை நடவில் கோனோ களைக்கருவியை ஓட்டலாம்” என்று எழுதினால் அதனை வேண்டுபவரும் ஒப்புவர், வேண்டாதவரும் ஒப்புவர்; அது செய்தியேயன்றி மனப்பான்மையன்று. “இவ்விதை அதிக மகசூல் தரும், சோறும் ருசியாக இருக்கும்” என்று எழுதினால், மகசூலை ஒப்பி ருசியை ஒப்பாதவர் எப்படியைக் குறிப்பார்? இரு எருதுகளை இரு திசையில் பூட்டிய ஏர் போன்றது அக்கூற்று. “பயன்படாது என்று சொல்வதற்கில்லை” என்பது போன்ற இரட்டை எதிர்மறையைக் காதால் மட்டும் கேட்டு விடை சொல்ல வேண்டியவரது நிலையை, எழுதுபவர் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

எழுதிய கூற்றுக்களை உடனே பயன்படுத்தாமல், விசாரணைக்கு உட்படாத வேறொரு கிராமத்தில் சோதித்தல் வேண்டும். விடை கூறியோரை மொத்த எண்ணின்படி வரிசைப்படுத்தி, மேலே உள்ள கால் பங்கினரையும் கீழே உள்ள கால் பங்கினரையும் பிரித்துக் கொள்வர். ஒரு கூற்றுக்கு இரு சாராரும் ஏறக்குறைய ஒரே விடை கூறியிருந்தால், அக்கூற்று விரும்புவோரையும் விரும்பாதோரையும் பிரித்துக் காட்டும் ஆற்றல் அற்றது. அதனை நீக்கிவிட வேண்டும். இச்சோதனை இல்லாமல் அலுவலகத்தில் அமர்ந்து பத்துக் கூற்றுக்களை எழுதி, ஐந்து கட்டம் போட்டு, அதற்கு லிக்கர்ட் கோல் என்று பெயர் வைப்பது பெருகியிருக்கிறது. முளைப்புச் சோதனை செய்யாத விதையை விதைப்பதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. எட்வர்ட்ஸ், கில்பாட்ரிக் என்னும் இருவர் 1948-ல் தர்ஸ்டன் முறையின் நடுவர் தீர்ப்பையும் லிக்கர்ட் முறையின் சோதனையையும் ஒருங்கு சேர்த்து ஒரு முறை வகுத்தனர். பொறுமை உள்ளோர் அதனைக் கையாளலாம்.

சராசரி செய்யும் மயக்கம்

இரு கிராமங்கள் உள்ளன என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் விடை கூறினர். முதற் கிராமத்தில் பத்துப் பேரும் 3 என்னும் நடுப்படியைக் குறித்தனர். இரண்டாவதில் ஐவர் 5-ஐயும் ஐவர் 1-ஐயும் குறித்தனர். இரண்டுக்கும் சராசரி 3. அறிக்கையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் முதற் கிராமத்தார் அம்முறையை இன்னும் கண்ணால் காணாதவராக இருக்கலாம். அங்கே ஒரு செயல் விளக்க வயல் வைத்தால் போதும். இரண்டாவதில் 5 குறித்தவர் கிணற்றுப் பாசனம் உடையவராகவும், 1 குறித்தவர் தண்ணீர் என்று வரும் என்று தெரியாத கடைமடைக் குடியானவராகவும் இருக்கலாம். அங்கே செயல் விளக்கத்தால் ஆவதொன்றுமில்லை. வாய்க்காலைப் பார்க்க வேண்டும்.

தர வரிசையாக உள்ள எண்களுக்குச் சராசரி காண்பது இலக்கணப்படி பொருந்தாது என்பது ஸ்டீவன்ஸின் கொள்கை. ஆயினும் நடைமுறையில் அது பல இடங்களில் பயன் தருவதுண்டு என்பதை அவரே ஒப்புக்கொண்டார். பல கூற்றுக்களின் எண்களைக் கூட்டிய மொத்தத்துக்குச் சராசரி காண்பதைப் பெரும்பாலோர் இன்று குறை கூறுவதில்லை. ஒரே ஒரு கூற்றின் விடைகளைச் சராசரியாக்கி, “இக்கிராமத்தின் மனப்பான்மை 3.27” என்று இரண்டு தசாம்ச ஸ்தானம் வரை எழுதுவதுதான் நகைப்புக்கு இடமானது. ஐந்து படிகளிலும் எத்தனை எத்தனை பேர் நின்றனர் என்று உள்ளபடி எழுதுவதற்கு ஒரு வரிக்கு மேல் பிடிக்காது.

நடுப்படியைப் பற்றியும் ஒரு சொல். ‘தீர்மானிக்கவில்லை’ என்று குறித்தவர் அதைப் பற்றிக் கேள்விப்படாதவராக இருக்கலாம். கேள்விப்பட்டும் உண்மையில் இரு மனமாக இருக்கலாம். பக்கத்து வயல்காரர் செய்வதைப் பார்த்துச் செய்யலாம் என்றிருக்கலாம். அல்லது கேட்பவரிடம் உள்ளதைச் சொல்ல விரும்பாதவராகவும் இருக்கலாம். இந்நால்வருக்கும் 3 என்று ஒரே எண்ணை இடுவது நியாயமன்று. “அம்முறையைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று முதலிலேயே ஒரு வினாவைச் சேர்த்துவிட்டால் முதல் வகுப்பினரையேனும் பிரித்துவிடலாம்.

கேட்பவரும் கேட்கும் சொல்லும்

இலாகா ஊழியர் திண்ணையில் அமர்ந்து, கையில் தாளுடன், “இந்த முறை நல்லதென்று நினைக்கிறீர்களா?” என்று கேட்டால், வீட்டுக்கு வந்தவர் மனம் கோணலாகாது என்று “நல்லதுதானுங்களே” என்பதே பெரும்பாலும் விடையாக வரும். இது பொய்யன்று, மரியாதை. எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. எதைக் கேட்டாலும் ஒப்பும் இவ்வியல்பை வெளிப்படுத்துவதற்காகவே பாதகமான கூற்றுக்களைச் சரிபாதி கலக்க வேண்டும் என்று மேலே கூறப்பட்டது. “நன்மை தரும்” என்பதையும் “நஷ்டமே தரும்” என்பதையும் ஒருவரே முழுதும் ஒப்பியிருந்தால், அவர் கூற்றுக்கு விடை கூறவில்லை, கேட்டவருக்கு விடை கூறினார் என்று அறிந்துகொள்ளலாம்.

சொல்லின் ஆற்றலை விளக்க அமெரிக்காவில் 1941-ல் ரக் என்பவர் வெளியிட்ட ஒரு சோதனை போதும். ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுக்களை அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு சாராரைக் கேட்டபோது நூற்றுக்கு 62 பேர் அனுமதிக்கலாகாது என்றனர். அப்பேச்சுக்களைத் தடை செய்ய வேண்டுமா என்று மற்றொரு சாராரைக் கேட்டபோது தடை செய்ய வேண்டும் என்றவர் நூற்றுக்கு 46 பேரே. அனுமதியாமையும் தடை செய்தலும் பொருளால் ஒன்றே. காதில் விழும்போது ஒன்றல்ல.

யாரைக் கேட்பது என்பதும் எளிய விஷயமன்று. நடவைப் பற்றிய விசாரணையில் நிலத்துக்கு உடையவரை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவது வழக்கமாகியிருக்கிறது. நடுகிறவர்களோ பெண்கள். கயிறு பிடித்து நடுவதால் குனிந்த முதுகு எவ்வளவு நேரம் நிமிராதிருக்க வேண்டும், ஒரு நாளில் எவ்வளவு பரப்பு ஆகும், கூலியை எப்படிக் கேட்பார்கள் என்பன அவர்கள் மனப்பான்மையைப் பொறுத்தவை. அவர்கள் விடை ஏறாத தாளில் எவ்வளவு உயர்ந்த எண் விழுந்தாலும், நடவு நாளன்று அவ்வெண் உதவுவதில்லை.

விவசாய இலாகாவில் லிக்கர்ட்

லிக்கர்ட் 1932-ல் தம் கோலைப் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களிடமே சோதித்தார். எழுத்துப் பழக்கம் உள்ளவர், அமைதியாக அமர்ந்து, தாளில் குறியிடுவதற்கு ஏற்ற கருவி அது. 1939-ல் அவர் அமெரிக்க விவசாய இலாகாவின் விவசாயப் பொருளாதாரப் பகுதியில், சர்க்கார் திட்டங்களைக் குடியானவர்கள் எவ்வாறு கருதுகின்றனர் என்று விசாரிக்கும் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அங்கே அவர் செய்தது சுவையானது. தாமே வகுத்த ஐந்து கட்டங்களைக் குடியானவர் முன் நீட்டுவதை முதன்மையாகக் கொள்ளாமல், வினாவை மட்டும் எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் அமைத்து, விடையை அவரவர் வாய்மொழியிலேயே எழுதிக்கொள்ளும் முறையை வளர்த்தார். எழுதிக்கொண்ட விடைகளைப் பின்னர் அலுவலகத்தில் பயிற்சி பெற்றவர் படித்து வகைப்படுத்தினர்.

யுத்த காலத்தில் இம்முறை பெருஞ் சர்ச்சைக்கு உள்ளாயிற்று. கட்டம் போட்ட வினாக்களே விரைவும் மலிவும் உடையவை என்று வேறொரு சர்க்கார் காரியாலயத்தார் வாதித்தனர். இவ்விரு சாராருக்கும் இடையே நியாயம் கூறும் முறையில் பால் லாஸர்ஸ்ஃபெல்ட் 1944-ல் ஒரு கட்டுரை எழுதினார். விரிந்த விடையை முதலில் கேட்டு, எவ்வகை விடைகள் வருகின்றன என்று அறிந்த பிறகே கட்டங்களை அமைப்பது தகும் என்ற வழி அதில் காட்டப்பட்டது. 1946-ல் லிக்கர்ட்டும் அவர் குழுவினரும் விவசாய இலாகாவை விட்டு மிச்சிகன் சர்வகலாசாலைக்குச் சென்று அங்கே ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினர்.

நம் கிராமங்களுக்கும் இவ்வழி பொருந்தும். “இந்த நடவைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன? இதை இன்னார் செய்யலாம், இன்னாருக்கு ஆகாது என்று உண்டா?” என்று முதலில் பத்துப் பதினைந்து வீடுகளில் கேட்டு, வந்த சொற்களை வந்தபடியே குறித்துக் கொள்ளலாம். “நாற்று இளசாக இருக்கிறது, தண்ணீர் ஏறினால் போச்சு” என்று ஒருவர் சொன்னால் அச்சொல்லே ஒரு நல்ல கூற்று. குடியானவர் தமது பேச்சிலிருந்து எடுத்த கூற்றைக் கேட்கும்போது சிந்தித்து விடை கூறுகிறார். இங்கிலீஷிலிருந்து மொழிபெயர்த்த கூற்றைக் கேட்கும்போது தலையை அசைத்துவிடுகிறார்.

சொல்லும் செயலும்

மனப்பான்மையை நன்றாகவே அளந்துவிட்டதாகக் கொண்டாலும், அதன்படி செயல் நிகழுமா என்னும் வினா எஞ்சுகிறது. லாபியர் என்பவர் 1930 முதல் 1932 வரை ஒரு சீனத் தம்பதியுடன் அமெரிக்காவில் சுற்றுப் பிரயாணம் செய்தார். அக்காலத்தில் சீனர்பால் வெறுப்பு மிகுந்திருந்தது. அவர்கள் சென்ற 251 விடுதிகளிலும் உணவுச்சாலைகளிலும் ஒன்றே ஒன்றுதான் இடமில்லை என்றது. பின்னர், சீனரை விருந்தினராக ஏற்பீர்களா என்று அவ்விடங்களுக்கே கடிதம் எழுதிக் கேட்டபோது விடை வந்தவை 128. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை ஏற்க மாட்டோம் என்றன. 1934-ல் இது வெளியாயிற்று. அங்கே சொல் கடுமையாகவும் செயல் இணக்கமாகவும் இருந்தன. விவசாய விசாரணைகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, சொல் இணக்கமாகவும் செயல் தயக்கமாகவும் இருக்கும்.

அயோவா மாகாணத்தில் ரையன், கிராஸ் என்னும் இருவர் கலப்பின மக்காச்சோள விதை பரவியதை ஆராய்ந்து 1943-ல் வெளியிட்டது இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. இரு சமூகங்களைச் சேர்ந்த 259 குடியானவர்களை நேரில் கண்டு, அவ்விதையை முதலில் எந்த ஆண்டு கேள்விப்பட்டனர், எந்த ஆண்டு முதன்முதல் விதைத்தனர், அவ்வாண்டில் நிலத்தில் எவ்வளவு பங்குக்கு விதைத்தனர் என்று கேட்டனர். ஆண்டும் ஏக்கரும் ஐயத்துக்கு இடமில்லாத அளவுகள். 1941-க்குள் இருவர் நீங்கலாக மற்றெல்லோரும் அவ்விதையை ஏற்றுக்கொண்டிருந்தனர். ஆனால் கேள்விப்பட்டதற்கும் விதைத்ததற்கும் இடையே பலருக்கு ஆண்டுகள் பல கழிந்தன. முன்னதாக ஏற்றவர்கள் நிலம் முழுவதிலும் அன்றிச் சிறு பகுதியிலேயே முதலில் விதைத்துப் பார்த்தனர். அவ்விடைப்பட்ட ஆண்டுகளில் அவர்களிடம் ஐந்து படித் தாளை நீட்டியிருந்தால் பலர் ‘ஒப்புகிறேன்’ என்றே குறித்திருக்கக் கூடும். விதைப் பெட்டியிலோ பழைய விதையே இருந்திருக்கும்.

ஆதலால், மனப்பான்மைத் தாளின் அடியில் மூன்று வரிகளுக்கு இடம் விடுவது நல்லது. சென்ற குறுவையில் இம்முறையில் நட்டது எத்தனை ஏக்கர். வரும் பருவத்தில் நட எண்ணியிருப்பது எத்தனை. இவ்விரண்டுக்கும் வேற்றுமை இருப்பின் அதற்குக் குடியானவர் தம் வாயால் கூறிய காரணம். பருவம் முடிந்தபின் அதே ஊழியர் அதே வீடுகளுக்குச் சென்று, உண்மையில் நட்ட ஏக்கரை நான்காவது வரியாகச் சேர்க்க வேண்டும். 5 குறித்தவர்களுள் எத்தனை பேர் நட்டனர், 3 குறித்தவர்களுள் எத்தனை பேர் என்று ஒப்பிட்டுப் பார்த்தால், அந்தத் தாலுகாவில் அக்கோலின் ஒரு படி எவ்வளவு ஏக்கரைக் குறிக்கிறது என்பது தெரிய வரும். அடுத்த பருவத்துக்கு விதை கேட்டு எழுதும்போது அக்கணக்கையே உடன் அனுப்பலாம்.